மேல்வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும்: ஜெர்மனியிலிருந்து ஒரு திறந்த மடல்



தனி வீட்டில் ஊறிய வழக்கங்கள் அடுக்குமாடிக்கு அப்படியே குடிபெயர்ந்ததே, சென்னையிலும் கோவையிலும் அண்டை அயலாரிடையே மூளும் மனத்தாங்கல்கள் பலவற்றுக்கு வேர் என்பது, ஜெர்மனியின் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்துவரும் தமிழர் ஒருவர் எழுதும் இம்மடலின் துணிபு. மண்தரையில் ஊன்றிய உரலில் இடித்தபோது எழுந்த அதிர்வைப் பூமியே வாங்கிக்கொண்டது. கான்கிரீட் தளத்தின்மேல் இடிகல்லை வைத்து இஞ்சி தட்டும்போதோ, அது கீழ்வீட்டாரின் கூரையில் இறங்கிவிடுகிறது.

வீட்டு ஒலியை இருவகையாகப் பிரித்துக் காண்பது பயன்தரும். பேச்சும் தொலைக்காட்சியும் போலக் காற்றில் பரவுவது காற்றுவழி ஒலி. குதிகால் நடை, நாற்காலி இழுப்பு, துவைக்கும் இயந்திரத்தின் சுழற்சி போலத் தளத்தையும் சுவரையும் நடுக்கி அவற்றின் வழியே பரவுவது கட்டமைப்புவழி ஒலி. முன்னதைக் கதவைச் சாத்தியேனும் ஓரளவு அடக்கலாம். பின்னதற்குக் கதவு ஒரு பொருட்டன்று என்பதால், அது பிறக்கும் இடத்திலேயே தடுக்கப்பட வேண்டும். சமையல் மேடைக் கருங்கல் சுவரோடு பிணைந்திருப்பதால் அதன்மேல் ஓடும் மிக்சியின் அதிர்வு சுவருக்குள் ஏறுகிறது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை இட்டால் அது கணிசமாகத் தணியும். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித்துண்டும் அத்தகையதே. குக்கர் விசிலை மட்டும் மன்னித்துவிடலாம். அது வந்த வேகத்தில் அடங்கிவிடும்.

ஜெர்மனியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம் என்பது பொதுவழக்கு. ஞாயிறு முழுவதும் சுவரில் துளையிடுவதை எவரும் பொறுப்பதில்லை. எனினும் அந்நாடு எல்லா ஒலியையும் குற்றமாக்கிவிடவில்லை. டிரம்பெட் கலைஞர் ஒருவர்மீது அண்டைவீட்டார் தொடுத்த வழக்கில், வீட்டில் இசை பயில்வதை முற்றாகத் தடுக்க இயலாது என்றும், வார நாள்களில் இரண்டு மூன்று மணி நேரம் வாசிப்பது தோராயமான அளவுகோலாகலாம் என்றும் 2018இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கூறியது. மழலையர் காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் குழந்தைகளின் கூச்சலைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதலாகாது என 2011இல் சட்டமே திருத்தப்பட்டது. ஆயினும் அங்குள்ள அமைதியில் பாதி, எதிர்வீட்டார் முகம் அறியாத தனிமையே ஆதலால் அதை இறக்குமதி செய்யத் தேவையில்லை. கொள்ளத்தக்கது வேறொன்று: விருந்து நடத்துவோர் நாளும் நேரமும் குறித்து, பொறுத்தருளுமாறு வேண்டி, மாடிப்படியருகே முன்கூட்டியே ஒட்டிவைக்கும் சிறு தாள்.

சட்டம் இந்தியாவிலும் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. டெசிபல் என்பது மடக்கை அளவாதலால் 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும், செவிக்கோ ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். ஆனால் இரவுப் பணி முடித்துப் பகலில் கண்ணயரும் செவிலியருக்கும் மென்பொருள் ஊழியருக்கும் இரவு வரம்பால் பயனில்லை. அவர்களுக்கு உதவக்கூடியது அயலாரின் அறிதல் ஒன்றே. அந்த அறிதலுக்குத் தடையாக நிற்பது, அனுசரித்துப் போக வேண்டும் என்று வாய்மூடியிருந்து, பொறுமை தீர்ந்த நாளில் சங்கக் கூட்டத்தில் வெடிக்கும் பழக்கம்.

ஆகவே, துளையிடும் வேலைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் முந்தைய நாளே அறிவிப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் நடைமுறையாக்க வேண்டும். ஒலியால் அவதியுறுவோர் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் புலம்பாமல், மேல்வீட்டுக் கதவைத் தட்டி நேரில் சொல்ல வேண்டும். கேட்போர் அதைச் சண்டைக்கு அழைப்பாகக் கொள்ளாதிருக்க வேண்டும் என இம்மடல் வேண்டிக்கொள்கிறது.