கடவுளை ‘ப்ரோ’னு கூப்பிடலாமா?

போன செமஸ்டர்ல ஒரு நாள், எங்க ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்துல ஒரு ஜூனியர், “ஜீசஸ் ப்ரோ, நாளைக்கு லேப் எக்ஸாம், கொஞ்சம் பாத்துக்கோங்க”ன்னு ஜெபிச்சான். பாதிப் பேர் சிரிச்சாங்க. என் பேட்ச்மேட் ஒருத்தனுக்கு மட்டும் செம கோபம். “யார்கிட்ட பேசுறோம்னு தெரிய வேணாமா?” என்றான்.

ரெண்டு பேர் பக்கமும் பைபிள்ல ஆதாரம் இருக்கு. எருசலேமில் ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோன், வானமே போதாத கடவுளுக்கு இந்தக் கட்டிடம் எப்படிப் போதும் என்று கேட்கிறார். கொரிந்து சபைக்கு எழுதின பவுலோ, உங்கள் உடம்புதான் அவர் தங்கும் ஆலயம் என்கிறார். நாம பெரும்பாலும் இதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மூணாவது வருஷம் வரைக்கும் கடவுள் எனக்கு க்ளோஸ் ஃப்ரெண்ட் மாதிரி. அப்புறம் ப்ளேஸ்மென்ட் வந்தது. நாலு கம்பெனி, நாலுலயும் கடைசி ரவுண்டில் ரிஜெக்ட். சொன்ன நேரத்துக்கு வராத ஃப்ரெண்ட் மேல வர்ற கோபம் அவர் மேல வந்தது. யோசிச்சுப் பார்த்தா, நான் அவரை ஃப்ரெண்டா கூட வைக்கலை. வேலை சொல்ல ஒரு ஆளா வச்சிருந்தேன்.

அடுத்து நேர் எதிர்ப் பக்கம் போனேன். இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தைப் படைச்சவருக்கு என் ஆஃபர் லெட்டரா முக்கியம்? 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் டீயிஸ்டுகள் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தார்கள். பிளான்ட்டை கமிஷன் பண்ணிட்டுக் கிளம்பிப் போன இன்ஜினியர் மாதிரி ஒரு கடவுள். ரெண்டு மாசம் ஜெபமே பண்ணலை. அந்தக் கடவுள் மேல கோபம் வராது, உண்மைதான். ஆனா அவர்கிட்ட போய் அழவும் முடியாது.

லீவுக்கு திருநெல்வேலி போனேன். எங்க ஆச்சி கோயிலுக்குள்ள செருப்பு போட மாட்டாங்க. முக்காடு போட்டு, முழங்கால் வலியோட முழங்கால்படியிட்டு, ஒரு வார்த்தை அநாவசியமா பேசாம இருப்பாங்க. அதே ஆச்சி மறுநாள் காலையில அடுப்படியில, “அப்பா, இந்தப் பயலுக்கு ஒரு வழி காட்டும். அரிசியும் குழைஞ்சிராமப் பாத்துக்கிடும்” என்று பேசிக்கிட்டிருந்தாங்க.

அந்த ‘காட்டும்’ல நான் நின்னுட்டேன். ‘காட்டு’ இல்லை, ‘காட்டுங்க’வும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவங்க ஜெபத்துல கடவுளை ‘நீர்’னுதான் சொல்றோம். எங்க ஊர்ப் பெரியவங்க இன்னும் “என்னவே, நீரு எப்ப வந்தீரு?” என்று கேட்பாங்க. அதுல மரியாதையும் இருக்கு, உரிமையும் இருக்கு. நான் ரெண்டு வருஷமா மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டிருந்ததை, ஆச்சி ஒரே வினைச்சொல்லில் சேர்த்து வச்சிருந்தாங்க.

பக்கத்துல மட்டும் இருக்கிற கடவுள் எனக்கு ஆறுதல் சொல்லலாம், ஆனா அவரும் என்னை மாதிரியே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிற்பார். தூரத்துல மட்டும் இருக்கிறவருக்கு எல்லாம் முடியும், ஆனா நான் அழுறது கேட்காது. எல்லாத்தையும் இழந்த யோபுவுக்குக் கடைசிவரை ‘ஏன்’ என்பதற்குப் பதில் கிடைக்கலை. பூமிக்கு அஸ்திவாரம் போட்டப்போ நீ எங்கே இருந்தாய் என்றுதான் கடவுள் கேட்கிறார். ஆனா அதைக் கேட்க அவரே பெருங்காற்றில் இறங்கி வர்றார். கிறிஸ்மஸும் எனக்கு இப்போ அப்படித்தான் புரியுது. தொழுவத்துல படுத்திருந்தது வேற ஒரு சின்னக் கடவுள் இல்லை.

எனக்கு வேலை இன்னும் கிடைக்கலை. திரும்ப ஜெபிக்க ஆரம்பிச்சிருக்கேன், முன்ன மாதிரி லிஸ்ட் கொடுக்காம.

அந்த ஜூனியரை நான் திருத்தப் போகலை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: “லேப்ல ஃபெயில் ஆனாலும் அவர்கிட்ட பேசுவியா?” அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். கோபப்பட்ட என் பேட்ச்மேட்டையும் ஒண்ணு கேட்கணும்: “ஒரு சாதாரண லேப் எக்ஸாமுக்காக அவர்கிட்ட போக உனக்குத் தைரியம் இருக்கா?”