பத்து நிமிடத் தட்டச்சு

உச்ச நீதிமன்றம் தோன்றியது 1950-இல். அதன் அலுவலகப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முறையான இட ஒதுக்கீட்டுக் கொள்கை வந்தது 2025 ஜூனில்! தாழ்த்தப்பட்டோருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. அடுத்த மாதமே விதிகளைத் திருத்திப் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தார்கள். அரசியல் சட்டத்தின் 16(4)-ஆம் பிரிவுக்கு நாட்டுக்கெல்லாம் பொருள் சொல்லி வந்த மன்றம், தன் சொந்த அலுவலகத்தில் அதை எழுதி வைக்க எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. தலைமை நீதிபதியாய் இருந்தபோது இதைச் செய்த பி.ஆர்.கவாய் அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, கதவு திறந்ததாலேயே எல்லோரும் உள்ளே போய்விட முடியுமா? வாசற்படியிலே தட்டச்சுத் தேர்வு வழிமறித்து உட்கார்ந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர் ஆக வேண்டுமானால் கணினியில் நிமிடத்துக்கு 35 ஆங்கிலச் சொற்கள் அடிக்க வேண்டும். மகாராஷ்டிர மாவட்ட நீதிமன்றங்களில் இளநிலை எழுத்தர் ஆக வேண்டுமானால் ஆங்கிலத்தில் 40, மராத்தியில் 30. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயது வரம்பில் சலுகை உண்டு, வேகத்தில் இல்லை.

மராத்தி கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. வழக்காட வரும் ஏழை விவசாயியின் மொழி மராத்தி. அவன் மனுவைப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை? தட்டச்சே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த வேகம் யாருக்கு எங்கே கிடைக்கிறது?

விரல் வேகம் பிறவியில் வருவதன்று, பழக்கத்தில் வருவது. வீட்டில் கணினியும் மேசையும் உள்ள பிள்ளைக்கு அது விளையாட்டாக வந்துவிடுகிறது. தாராவியில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்தெழும் வீட்டுப் பிள்ளைக்குக் கைபேசியில் கட்டைவிரலால் அடிக்கத்தான் தெரியும். பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அவன் கடையில் நின்று சம்பாதித்தாக வேண்டும். பணம் கட்டிப் பழகிய விரல் தேர்வில் வெல்கிறது. அதற்குப் பெயர் தகுதி! பழக வாய்ப்பில்லாத விரல் தோற்கிறது. 'ஒதுக்கீட்டில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள்.

வேகத்தைக் குறையுங்கள் என்று நாம் கெஞ்சவில்லை. காலம் கொடுங்கள் என்கிறோம். எழுத்துத் தேர்வில் தேறியவரை முதலில் வேலையில் சேர்த்துக் கொள்ளுங்கள், பயிற்சி கொடுங்கள், தேறும் வரை ஊதிய உயர்வை வேண்டுமானால் நிறுத்தி வையுங்கள். இது புதுமையான யோசனை அன்று. பணியில் இறந்த மத்திய அரசு ஊழியரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை தரும்போது நடைமுறையில் இருந்து வந்த ஏற்பாடுதான். கருணைக்காகக் கொடுக்கும் அவகாசத்தை உரிமைக்காகக் கொடுக்க மனம் வராதா?

இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. 146-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற ஊழியரை நியமிக்கும் அதிகாரம் அதன் தலைமை நீதிபதியிடமும், 229-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற ஊழியரை நியமிக்கும் அதிகாரம் அந்தந்தத் தலைமை நீதிபதியிடமும் இருக்கிறது. நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோனால் அவை 50 விழுக்காட்டு வரம்பில் சேரா என்று 2000-இல் 81-ஆம் திருத்தம் தெளிவாக்கிவிட்டது. ஆள் இல்லை என்பதைச் சாக்காக வைத்து ஒதுக்கீட்டு இடத்தைப் பொது இடமாக்க இனி நியாயம் ஏது?

மும்பைத் தமிழருக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவர் என்று பட்டியலில் உள்ளவர், வேறு மாநிலத்தில் குடியேறினால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும், மறுபடி 2018-இலும் தீர்ப்பளித்தது. 1950-ஆம் ஆண்டு ஆணையின்போது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக இருந்தது என்பதே கணக்கு. ஆகவே, பின்னாளில் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தோல் பதனிட்டவரின் பேரன், இங்கேயே பிறந்து மராத்தியில் படித்திருந்தாலும், மாவட்ட நீதிமன்றத் தேர்வில் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். சாதி இழிவு மட்டும் ரயிலேறி அவனோடு வந்தது. சலுகை ஊரிலேயே நின்றுவிட்டது! ஆனால் மத்தியப் பணிகளில் அவன் சான்றிதழ் செல்லும். உச்ச நீதிமன்றத்தின் புதிய கதவு அவனுக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கிறது.

தலைமை நீதிபதிகள் விதியை மாற்றும் வரை நாம் கைகட்டி இருக்கலாமா? தாராவி, மாதுங்கா, செம்பூர், அண்டாப்ஹில் பகுதிகளில் உள்ள தமிழ்ச் சங்கங்களைக் கேட்டுக் கொள்கிறோம்: ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை எடுத்து, நான்கு கணினிகள் வாங்கி வையுங்கள். மாலை நேரங்களில் ஆங்கிலமும் மராத்தியும் தட்டச்சுப் பழக்குங்கள். தகப்பனின் மூலச் சாதிச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். விண்ணப்பம் வந்த பிறகு அலைந்து பயனில்லை.

நம் பிள்ளைகளின் படிப்பைப் பத்து நிமிடம் தீர்மானிக்கும் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர்களைத் தயார் செய்வது சங்கங்களின் கடமை. அந்தப் பத்து நிமிடத்தை நியாயமாக்குவது நீதிமன்றங்களின் கடமை.