கத்தியால் கைதட்டியவர்கள்

இந்த வாரம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது ஒரு வண்ண இதழ். நண்பர் ஒருவர் விமானத்தில் கிடைத்ததென்று கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். வழவழப்பான தாளில் வரிசையாகச் சுருட்டுகளின் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே மதிப்பெண். ஒன்றுக்கு 93, பக்கத்தில் இருப்பதற்கு 91. இந்த இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று பார்த்தால், முதலாவதில் பழைய தோல், ஈர மண், வறுத்த கோகோ எல்லாம் தெரிகிறதாம். இரண்டாவதில் கோகோ வரக் கொஞ்சம் தாமதமாம்!

மதிப்பெண் மீது எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. பரோட்டா தின்று கை கழுவுவதற்குள் நட்சத்திரம் கேட்கும் செல்போனைப் பற்றி ஏற்கெனவே புலம்பியாயிற்று. கோயில் புளியோதரைக்கு மூன்று நட்சத்திரம் போட்ட ஆசாமியைப் பற்றி எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் சிலருக்கு நினைவிருக்கும்.

சுருட்டுக்குத் தரம் பார்க்கவே முடியாது என்று சொல்லவில்லை. நான் புகையை விட்டு வருஷக்கணக்காகிறது. நீங்களும் தொட வேண்டாம், பெட்டி மேல் போட்டிருக்கும் படம் பொய்யில்லை. ஆனால் நல்ல சுருட்டு எது என்பது என் விரலுக்கு இன்னும் மறக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தலையிலிருந்து நுனிவரை மெல்ல அமுக்கிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் பொதபொதவென்று உள்ளே போனால் அங்கே இலை குறைவு. எரியும்போது அந்த இடம் சூடேறி வாயைப் பொசுக்கும். கல் மாதிரி முடிச்சு தட்டுப்பட்டால் புகை வராது. புட்டுக்குழலில் மாவை இறுக்கி அடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல் இலையில் தடித்த நரம்பு கூடாது, லேசாக எண்ணெய்ப் பளபளப்பு வேண்டும். தலையை வெட்டியதும் பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு தீ. நெருப்பு ஒரு பக்கமாக ஓடாமல் வட்டமாக இறங்க வேண்டும், சாம்பல் உதிராமல் ஓர் அங்குலமாவது நிற்க வேண்டும். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார் துப்பறிவாளர். எங்கேயும் கோகோ பற்றிப் பேசியதாக நினைவில்லை.

ஹவானா தொழிற்சாலைகளில் இதற்கென்றே ருசி பார்க்கும் குழு உண்டு. காலை வேளையில் உட்கார்ந்து புகைத்து, நடுநடுவே சர்க்கரை போடாத தேநீரால் வாயைக் கழுவிக்கொண்டு, இழுப்பு, எரிதல், காரம், மணம், சுவை என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். அவர்கள் தேடுவது அற்புதத்தை அல்ல. செடியின் உச்சியில் வெயில் குடித்த இலை காரம் தரும், நடு இலை மணம் தரும், அடி இலை தீயைப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றையும் உள்ளே வைக்கும் கணக்கு தவறாமல், மாண்டிகிறிஸ்டோ என்று பட்டை போட்டது மாண்டிகிறிஸ்டோவாகவே இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி.

மாண்டிகிறிஸ்டோ என்று எழுதிவிட்டேன். இனி மதிப்பெண்ணாவது மண்ணாங்கட்டியாவது.

அலெக்ஸாந்தர் துய்மாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'வை நான் எத்தனை முறை சிபாரிசு செய்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக் கிண்டல் செய்யும் வாசகர்கள் உண்டு. செய்யட்டும். செய்யாத குற்றத்துக்காகக் கடல் நடுவே உள்ள சிறையில் 14 வருஷம் கிடந்த எட்மண்ட் தாந்தே, தப்பித்து, புதையல் எடுத்து, பிரபுவாகத் திரும்பி வந்து துரோகிகளை ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிற கதை. அதில் ரோம் நகர அத்தியாயம் ஒன்று. பிரபு தன் எதிரியின் மகன் ஆல்பெர்ட்டைக் காலை விருந்துக்கு அழைக்கிறார். இத்தாலியில் நல்ல சுருட்டு கிடைக்காமல் காய்ந்து போயிருந்த பையன், மேஜைமேல் அசல் ஹவானாவைப் பார்த்ததும் துள்ளுகிறான். பிரபுவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று நண்பன் ஃபிரான்ஸ் கேட்டால், அருமையான மனிதர், சுருட்டும் பிரமாதம் என்கிற தொனியில் சான்றிதழ் கொடுக்கிறான். அந்த அருமையான மனிதர் வந்திருப்பதே அவன் அப்பாவின் குடியைக் கெடுக்க! சுருட்டின் தரத்தைச் சரியாகக் கணித்தவன், கொடுத்தவரைக் கணிப்பதில் கோட்டை விட்டான்.

1935-ல் ஹவானாவில் பிறந்த சுருட்டுக்கு இந்த நாவலின் பெயரை வைத்தார்கள். பெட்டிமேல் ஆறு வாள்கள் முக்கோணமாக நிற்கும். பெயருக்குக் காரணம் முதலாளியின் இலக்கிய ரசனை இல்லை, சுருட்டியவர்களின் ரசனை என்றுதான் சொல்வார்கள். அந்தக் கூடங்களில் உயரமான மேடை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழே நூற்றுக்கணக்கானோர் இலையை நீவிச் சுருட்டிக்கொண்டிருக்க, இவர் உரக்க வாசிப்பார். காலையில் செய்தித்தாள், அப்புறம் நாவல். 1865-ல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் தொடங்கிய வழக்கம் இது. தொழிலாளி கேட்கத் தொடங்கினால் கேள்வியும் கேட்பான் என்று பயந்து, மறு வருஷமே ஸ்பானிய ஆட்சி தடை போட்டது. தடை நிற்கவில்லை. கடல் தாண்டி ஃபுளோரிடாவின் தம்பாவுக்குப் போன கியூபர்கள் வாசிப்பையும் கூடவே கொண்டுபோனார்கள்.

எனக்குப் பிடித்த இடம் சம்பளக் கணக்கு. தம்பாவில் வாசகருக்குச் சம்பளம் தந்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் வாரா வாரம் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டார்கள். காசு போட்டவர்கள் என்பதால் குரலைச் சோதித்து ஆளைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான், அடுத்த நாவல் எது என்று ஓட்டுப் போட்டதும் அவர்கள்தான். இலை வெட்ட ஆளுக்கொரு அரைநிலாக் கத்தி உண்டு, சவேத்தா என்று பெயர். வாசித்தது பிடித்திருந்தால் அந்தக் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். நூறு கத்தி ஒரே நேரத்தில் தட்டினால் கூடம் அதிரும். பிடிக்கவில்லையென்றால் கத்தி தரையில் விழும், அவ்வளவுதான் விமர்சனம். பத்திரிகைத் தொடராக எழுதப்பட்ட துய்மா நாவல் இப்படிப்பட்ட கூடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியதில் வியப்பில்லை. ஆபத்தான இடத்தில் நிறுத்திவிட்டு வாசகர் இறங்கிப் போனால் மறுநாள் யார் லீவு போடுவார்கள்? ஆல்பெர்ட் சுருட்டைப் பார்த்துத் துள்ளும் பக்கம், சுருட்டைச் செய்துகொண்டிருந்த அந்தக் கைகளுக்கு மேலே வாசிக்கப்பட்டபோது எழுந்த சத்தத்தைக் கேட்க நான் எதையும் கொடுப்பேன்.

1931-ல் தம்பா முதலாளிகள் மேடையைப் பிடுங்கினார்கள். வாசகர்கள் தீவிரவாதம் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள், மேடை இருந்த கூடங்களுக்கு வானொலி வந்தது. வானொலிக்குக் கத்தி தட்டி என்ன பயன்? கியூபா மட்டும் விடவில்லை. 2012-ல் இந்த வாசிப்பைத் தேசியப் பண்பாட்டு மரபாகவே அறிவித்துவிட்டது.

இது அங்கே மட்டும் நடந்த அதிசயமும் அல்ல. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பேப்பர் படிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டியதை அந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்கலாம். கண்ணூர் பீடிக் கூடங்களில் ஒருவர் வாசிக்க உட்கார்ந்தால், அந்த நேரத்தில் அவர் சுற்றாமல் விட்ட பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி ஈடு கட்டினார்கள். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்ப்பவனுக்கு ஒவ்வொரு பீடியும் காசு. அதை எடுத்துக் கொடுத்துக் கதை கேட்டவனைவிடக் கறாரான விமர்சகன் எந்த மொழிக்கும் வாய்க்கவில்லை. இலவசமாக வந்த பெட்டியைத் திறந்து ருசி எழுதுகிறவருக்கும், இலவசமாக வந்த புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கும் அந்தக் கறார் வரவே வராது. கையிலிருந்து ஒன்று போனால்தான் தீர்ப்புக்கு முதுகெலும்பு முளைக்கும்.