ஒரே ஊரில் ரெண்டு வெயில்! பகலில் புறநகர் கொதிக்குது... ராத்திரியில் சிட்டி வேகுது

நாடுகாணி:
ஜூன் மாதம் பிறந்தால் நாடுகாணியில் குடை இல்லாமல் பஸ் ஸ்டாப் வரை கூட நடக்க முடியாது. அதே ஜூனில் சென்னையில் பேன் காற்றுக்கு அடியில் உட்கார்ந்தாலும் சட்டை தொப்பலாகி விடும். இங்கே மழையில் நனையுறாங்க, அங்கே வியர்வையில் நனையுறாங்க. வேடிக்கை என்னவென்றால் இரண்டு ஊரிலும் வீசுவது ஒரே காற்று தான்!

நீலகிரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது நாடுகாணி. கூடலூரில் இருந்து வரும் ரோடு இங்கே ரெண்டாகப் பிரிகிறது. ஒன்று மலைப்பாதையில் வளைந்து வளைந்து வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரள சமவெளிக்கு இறங்குகிறது. இன்னொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் போகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி இது. தோட்டக் கூலி கட்டுப்படியாகாமல் இளவட்டங்கள் திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைப்பு தேடிப் போவது பல வருஷமாக நடக்கிறது.

அப்படிப் போன பிள்ளை போன் செய்தால் அம்மாவின் முதல் கேள்வி, "சாப்பிட்டியாப்பா?" அடுத்த கேள்வி, "அங்க வெயில் எப்படிப்பா?" டி.வி.யில் சென்னைக்கு என்று ஒரு நம்பர் ஓடும். அதைப் பார்த்து இங்கே மனசு பதறும். ஆனால் அந்த ஒரு நம்பர் பாதிக் கதையைத் தான் சொல்லுது. மீதிக் கதை, பிள்ளை சிட்டிக்குள்ளே இருக்கிறானா, புறநகரில் இருக்கிறானா என்பதில் இருக்கிறது.

மலையில் கணக்கு சுலபம்

மலையில் வெயில் கணக்கு பெரிய கம்ப சூத்திரம் இல்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கூடலூர் சுமார் 1,000 மீட்டர். அதனால் தான் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டு பஸ் ஏறியவர் கூடலூரில் இறங்கும் போது அதைக் கழட்டி கையில் வைத்திருக்கிறார். நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி நிலம்பூர் போனால் இன்னும் சில டிகிரி கூடி பிசுபிசுவென்று வியர்க்கிறது.

சென்னையில் இந்தக் கணக்கு செல்லாது. நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும் இடங்கள். மேடு பள்ளம் பெரிசா கிடையாது. இருந்தும் வெயில் வேற வேற! ஏன்?

ரெண்டு தெர்மாமீட்டர்

சென்னையின் வெப்பநிலையை வானிலை ஆய்வு மையம் முக்கியமாக இரண்டு இடங்களில் அளக்கிறது. ஒன்று நுங்கம்பாக்கம். நகரின் நடுவில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று மீனம்பாக்கம் விமான நிலையம். கொஞ்சம் உள்ளே தள்ளி, புறநகர்ப் பக்கம். செய்தியில் "நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு" என்று ரெண்டு நம்பர் வருவது இதனால் தான்.

கோடையில் பகல் நேரத்தில் பெரும்பாலும் மீனம்பாக்கம் தான் கூடுதலாகக் காட்டும். "சிட்டியில் தானே கட்டிடம் அதிகம், அங்கே தானே சூடு அதிகம்" என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். காரணம் கடல் காற்று.

காலையில் வெயில் ஏற ஏற தரை சூடாகிறது. மதியம் வாக்கில் கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மெரினா, திருவான்மியூர் பக்கம் அது முதலில் வந்து விடும். உள்ளே இருக்கும் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ச் சேர நேரம் ஆகும். அதுவரை அங்கே வெயில் ஏறிக் கொண்டே போகும். கடற்கரை ஓரம் கொஞ்சம் மூச்சு விடும் நேரத்தில் கம்பெனி ஷெட்டில் வேலை பார்ப்பவன் வெந்து கொண்டிருப்பான்.

ராத்திரி கதை தலைகீழ்!

பொழுது சாய்ந்ததும் ஆட்டம் மாறுகிறது. திறந்த வெளி, ஏரி, வயல், மரம் இருக்கும் இடங்களில் தரை பகலில் வாங்கிய சூட்டை சீக்கிரம் விட்டு விடும். விடியற்காலையில் ஓரளவு குளிரும்.

சிட்டியில் அது நடக்காது. கான்கிரீட் சுவர், தார் ரோடு, மொட்டை மாடி எல்லாம் பகல் முழுக்க சூட்டைக் குடித்து வைத்துக் கொண்டு ராத்திரி முழுக்க கக்கும். நெருக்கமான கட்டிடங்களுக்கு நடுவே அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. போதாக்குறைக்கு ஆயிரக்கணக்கான ஏ.சி. மெஷின்கள் உள்ளே இருக்கும் சூட்டைத் தெருவில் கொட்டுகின்றன. ஏ.சி. போட்டவன் தூங்குகிறான். அந்த ஏ.சி.யின் பின்பக்கம் பார்த்த ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவன் விழித்திருக்கிறான்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. லண்டனில் லூக் ஹோவர்டு என்பவர் 200 வருஷத்துக்கு முன்பே நகரத்திலும் வெளியூரிலும் வெப்பநிலையை அளந்து, நகரம் தான் சூடு, அதிலும் ராத்திரியில் தான் வித்தியாசம் அதிகம் என்று எழுதி வைத்தார். இதைத் தான் இன்று "நகர வெப்பத் தீவு" என்கிறார்கள்.

பகல் சூட்டை மனுஷன் எப்படியாவது சமாளிப்பான். மர நிழலில் ஒதுங்குவான், மோர் குடிப்பான். ராத்திரி உடம்பு ஆறவில்லை என்றால் தான் ஆபத்து. தூக்கம் கெடும். மறுநாள் களைப்போடு சாரம் ஏறும் கொத்தனாருக்கு, மிஷினில் கை வைக்கும் தொழிலாளிக்கு அது உயிர் விஷயம். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் சென்னையில் வியர்வை காய்வதும் கஷ்டம். வியர்வை காய்ந்தால் தானே உடம்பு குளிரும்?

கத்திரி போனாலும் கத்திரி தான்

மே 4-ந்தேதி தொடங்கி 28-ந்தேதியை ஒட்டி அக்னி நட்சத்திரம் முடிந்து விடும். "இனி வெயில் குறைஞ்சிடும்" என்று எல்லோரும் பேசுவார்கள். ஆனால் சென்னையில் 45 டிகிரி, அதாவது பழைய பாரன்ஹீட் கணக்கில் 113 டிகிரி கொளுத்தியது 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி. கத்திரி முடிந்த பிறகு!

இதற்கு விடை நாடுகாணியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மலையில் மோதுகிறது. நாடுகாணி, தேவாலா, பந்தலூர், கூடலூர் பகுதியில் மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. தண்ணீரை எல்லாம் இங்கே இறக்கி வைத்து விட்டு மலையைத் தாண்டும் காற்று வறண்டு போகிறது. சமவெளியில் ஓடி ஓடிச் சூடாகி மேற்கில் இருந்து சென்னைக்கு வருகிறது. அது பலமாக வீசினால் கிழக்கே கடலில் இருந்து வர வேண்டிய குளிர்ந்த காற்றை உள்ளே விடாமல் தள்ளி நிறுத்தி விடும். கடல் காற்று 2 மணிக்கு மேல் தாமதித்தால் அன்று சென்னைக்கு சதம் நிச்சயம் என்று சொல்லலாம். அந்த நாட்களில் புறநகரில் வேலை பார்ப்பவர் பாடு ரொம்ப மோசம்.

கோவை, திருப்பூர் பக்கம் கதை வேறு. அங்கே வெயிலின் உச்சம் மார்ச், ஏப்ரலில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நுழைந்ததும் கோவையில் ஜூனில் இதமாகி விடும். 2025-ல் கத்திரி முடியும் முன்பே, மே 24-ந்தேதி கேரளாவில் பருவமழை தொடங்கியது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அப்போது தான். ஆக "கோடை எப்ப முடியும்?" என்று கேட்டால் மேற்கே ஒரு பதில், கிழக்கே ஒரு பதில்.

ஊட்டிக்கே வியர்த்தது

மலையிலும் நிம்மதி இல்லை. 2024 ஏப்ரல் 29-ந்தேதி ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. வழக்கத்தை விட 5.4 டிகிரி கூடுதல். 1951-க்குப் பிறகு ஊட்டி பார்த்த அதிகபட்சம் இது. அதற்கு முந்தைய சாதனையும் ஒரு ஏப்ரல் 29-ல் தான், 1986-ல் 28.5 டிகிரி.

சமவெளியில் வெயில் ஏறினால் மலைக்கு வண்டிகள் படையெடுக்கும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஐகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம், சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டிகள் என்று வரம்பு போட்டார்கள். வரும் கூட்டத்துக்காக மரம் இருந்த இடத்தில் கட்டிடம் முளைத்தால் சென்னையில் நடந்தது தான் மலையிலும் நடக்கும். சூடு குடிக்கும் கான்கிரீட்டுக்கு ஊட்டி என்றும் தெரியாது, நுங்கம்பாக்கம் என்றும் தெரியாது.

பாஸ் மார்க் போடாத வெயில்

இனி வருவது தான் முக்கியமான சமாச்சாரம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றும் அறிவிக்கப்பட்டது. உழைக்கும் ஜனங்களுக்கு நல்ல விஷயம். ஆனால் "வெப்ப அலை" என்ற வார்த்தைக்கு இப்படி ஒரு மதிப்பு வந்த பிறகு, அதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

வானிலை மையத்தின் கணக்குப்படி சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு வழக்கத்தை விட குறைந்தது 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வானிலை மண்டலத்தில் குறைந்தது 2 நிலையங்களில், தொடர்ந்து 2 நாள் இருக்க வேண்டும்.

இப்போது ஊட்டியைப் பாருங்கள். 5.4 டிகிரி கூடியது. அந்தப் பாடத்தில் பாஸ். ஆனால் 29 தானே? 30 இல்லையே? ஒரு டிகிரியில் பெயில்! 73 வருஷத்தில் பார்க்காத வெயில் அடித்தும் விதிப்படி அது வெப்ப அலை ஆகவில்லை.

சென்னை ராத்திரிக்கும் இதே கதி தான். "சூடான இரவு" என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் பகலில் 40 டிகிரி தொட்டால் தான் அந்த இரவையே கணக்கில் எடுப்பார்கள். பகலில் 38 அடித்து, ராத்திரி முழுக்கப் புழுங்கி, தூக்கமே இல்லாமல் கிடந்த தெருக்கள் எந்தப் பட்டியலிலும் வராது.

இன்னொன்று. தெர்மாமீட்டர் இருப்பது திறந்த வெளியில், காற்றோட்டமான வெள்ளை மரப் பெட்டிக்குள், நிழலில், தரையில் இருந்து நாலு அடிக்கு மேல். தார் ரோடு போடுபவர் அந்தப் பெட்டிக்குள் வேலை பார்க்கவில்லை. சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் தைப்பவரும், மொட்டை வெயிலில் தேயிலைச் சரிவில் இலை பறிப்பவரும் பார்க்கவில்லை. அவர்கள் உடம்பு தாங்கும் சூடு, டி.வி.யில் ஓடும் நம்பரை விட எப்போதும் கூடுதல்.

என்ன செய்யலாம்?

வெளியூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் சம்பளத்தோடு சேர்த்து இன்னும் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும். புறநகர் கம்பெனி என்றால், மதியம் 12 மணியில் இருந்து 3 மணி வரை வேலை வெளியிலா, ஷெட்டிலா, குடிக்கத் தண்ணீர் உண்டா? சிட்டிக்குள் ரூம் என்றால், ஜன்னல் எதிரெதிரே இருக்கா, மொட்டை மாடிக்கு நேர் கீழ் ரூமா? மாடிக்கு அடியில் தான் ரூம் என்றால், வீட்டுக்காரரிடம் சொல்லி மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலாம். செலவு கம்மி, சூடு குறையும்.

தலை சுற்றல், வாந்தி, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது, பேச்சு குழறுவது... இதெல்லாம் வெயில் தாக்கின அடையாளம். நிழலுக்குக் கொண்டு போய் உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108-க்கு போன் போட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. பகல் உச்ச வெயிலை மட்டும் பார்த்து எச்சரிக்கை விட்டால் புறநகர்க்காரனுக்குப் பாதி, சிட்டிக்காரனுக்குப் பாதி, மலைக்காரனுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகி விடும். ராத்திரிச் சூட்டையும் சேர்க்க வேண்டும். மலைக்கு வைத்த 30 டிகிரி கோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும்.

அது நடக்கும் வரை நாடுகாணி அம்மாக்கள் போனில் கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. "அங்க வெயில் எப்படிப்பா?" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி தூங்கினியாப்பா?" என்றும் கேட்கணும். எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாத நிலவரத்தை பிள்ளையின் அந்தப் பதில் சொல்லி விடும்.