சிரிக்க வைத்தவர் அழ வைத்தார்!
லண்டன் நாடக மேடையில் ஒரு ஹாஸ்ய நடிகர் செய்த அதிசயம்

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் "கென்னடி மையம்" என்று ஒரு பெரிய கலை மாளிகை இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே சிறந்த கலைஞர்களுக்குப் பெருமை செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில், அந்த ஆண்டு பெருமை பெறப் போகிறவர்களின் பெயர்களை வெளியிட்டார்கள். அதில் ஓர் ஆங்கிலேயரின் பெயரும் இருந்தது.

அவர் மைக்கேல் கிராபோர்டு. அப்போது வயது 83.

அமெரிக்கர்களுக்கு அவர் ஒரு சோக நாயகர். முகமூடி அணிந்து, உருக்கமாகப் பாடி, கல் நெஞ்சையும் கரைத்தவர். இங்கிலாந்தில் வயதானவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். "கிராபோர்டா? சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகுமே!" என்பார்கள்.

இரண்டும் உண்மைதான். கோமாளியாகப் பேர் வாங்கியவர், உலகமே பேசும் ஒரு சங்கீத நாடகத்தில் கதாநாயகர் ஆனார். அது எப்படி நடந்தது? அதில் என்ன ஆபத்து இருந்தது?

யார் இந்தக் கிராபோர்டு?

1942-ல் இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் பிறந்தவர். "ஸ்மித்" என்பதே வீட்டுப் பெயர். நடிக்க வந்தபோது வேறு பெயர் தேவைப்பட்டது. ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயரைத் தன் பெயராக்கிக் கொண்டார்!

சிறு பையனாக இருந்தபோதே அவருக்கு நல்ல குரல். பெஞ்சமின் பிரிட்டன் என்பவர் இங்கிலாந்தின் புகழ் பெற்ற இசை மேதை. அவர் சிறுவர்களுக்காக எழுதிய சங்கீத நாடகங்களில் கிராபோர்டு பாடியிருக்கிறார். 1958-ல், நோவாவின் கப்பலைப் பற்றிய நாடகத்தில், நோவாவின் மகனாக நடித்துப் பாடினார்.

பிறகு சினிமாவுக்குப் போனார். 1969-ல் "ஹலோ டாலி" என்ற அமெரிக்கப் படத்தில் ஆடிப் பாடினார்.

ஆனால் ஊர் முழுவதும் அவர் பெயர் பரவியது 1973-ல்தான். அதற்குக் காரணம் டெலிவிஷன்.

அசட்டு பிராங்க்!

பி.பி.சி. டெலிவிஷனில் ஒரு ஹாஸ்யத் தொடர் வந்தது. அதில் அவருக்குப் "பிராங்க் ஸ்பென்சர்" என்ற வேடம்.

பிராங்க் ஓர் அப்பாவி. தலையில் வட்டத் தொப்பி. உடம்பில் மழைக் கோட்டு. எந்த வேலைக்குப் போனாலும் நிலைக்க மாட்டான். தொட்டதெல்லாம் உடையும். ஏறியதெல்லாம் சரியும். ஆனாலும் அவனுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம்.

1973 முதல் 1978 வரை இந்தத் தொடர் வந்தது. ஜனங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். தெருவில் பிள்ளைகள் அவனைப் போலப் பேசிக் காட்டினார்கள். கேலி நடிகர்கள் எல்லாரும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விழுவது, வழுக்குவது, தொங்குவது, இவற்றையெல்லாம் கிராபோர்டே செய்தார். பதிலுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காட்சியில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, சாலையில் போகும் பெரிய லாரியின் அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தார்! பார்ப்பதற்கு அசட்டுத்தனம். செய்வதற்கு அசுரப் பயிற்சி வேண்டும்.

பார்த்தவர்கள் அசட்டுத்தனத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சியை மறந்துவிட்டார்கள்.

முகமூடி மனிதன்

ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் லண்டனில் பெரிய இசையமைப்பாளர். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த "பாம்பே டிரீம்ஸ்" என்ற நாடகத்தை 2002-ல் லண்டனில் மேடையேற்றியவர் இவரே.

1980-களில் வெப்பர் ஒரு பிரெஞ்சு நாவலைச் சங்கீத நாடகமாக்கினார். காஸ்டன் லெரூ எழுதிய அந்த நாவல் 1910-ல் புத்தகமாக வந்தது. நாடகத்தின் பெயர் "பாண்டம் ஆப் தி ஓபரா". ஓபரா என்றால், வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். பாரிஸ் நகரத்தில் அப்படிப்பட்ட நாடகங்கள் நடக்கும் மாளிகையில் மறைந்து வாழும் ஒரு மாயாவியின் கதை இது.

மாயாவி பேய் அல்ல, மனிதன்தான். பிறவியிலேயே முகம் கோரம். அதனால் உலகத்துக்குப் பயந்து, மாளிகையின் அடியில், நிலவறையில் ஒளிந்து வாழ்கிறான். ஆனால் சங்கீதத்தில் அவனுக்கு நிகர் இல்லை. கிறிஸ்டீன் என்ற பெண்ணுக்கு மறைந்திருந்து பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறான். அவள் மேல் ஆசை கொள்கிறான். அவளோ வேறொருவனை விரும்புகிறாள். மாயாவியின் ஆசை வெறியாகிறது. கொலையும் செய்கிறான். கடைசியில் அவள் காட்டும் இரக்கம் அவன் நெஞ்சை உடைக்கிறது. அவளை அவள் காதலனோடு போகவிட்டு, மறைந்துபோகிறான்.

எவ்வளவு பாரமான வேடம்! இதை யாருக்குக் கொடுப்பது?

முதலில் ஸ்டீவ் ஹார்லி என்ற பாடகரை நினைத்தார்கள். நாடகத்தின் முக்கியப் பாட்டை அவர் பாடி, இசைத்தட்டாக 1986 தொடக்கத்தில் வெளிவந்தது. அவரே நடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில் வேடம் கிராபோர்டுக்குப் போனது.

காரணம் என்ன? கதாநாயகி சாரா பிரைட்மன் அப்போது வெப்பரின் மனைவி. அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரிடம்தான் கிராபோர்டும் படித்து வந்தார். மனைவியை அழைத்துப் போக வந்த வெப்பர், கிராபோர்டு பாடுவதைக் கேட்டார். மனம் அங்கே திரும்பியது.

வயது நாற்பதைக் கடந்த ஒரு டெலிவிஷன் நட்சத்திரம். பேரும் புகழும் வந்த பிறகும், மாணவனாகப் பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வகுப்புதான் அவருக்கு வாசலைத் திறந்தது.

"இவரா?"

செய்தி வெளியானதும் பலருக்குத் திகைப்பு. "அசட்டு பிராங்கா மாயாவி?" என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நாடக மேடை சினிமா போன்றது அல்ல. தப்பாகப் போனால் வெட்டி எடுக்க முடியாது. மாயாவி முதன்முதலாகத் தோன்றும்போது சபையில் ஒருவர் "களுக்" என்று சிரித்தால் போதும். பக்கத்தில் இருப்பவரும் சிரிப்பார். நாடகம் அங்கேயே செத்துவிடும். பல லட்சம் பவுன் பணம், நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு, எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் தொங்கியது.

1986 அக்டோபர் 9. லண்டனில் மகாராணியார் பெயரில் அமைந்த ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் திரை விலகியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாடகம் பெரும் வெற்றி பெற்றது. சங்கீத நாடகத்தின் சிறந்த நடிகர் என்று லண்டனின் ஆலிவியர் விருது கிராபோர்டுக்குக் கிடைத்தது. 1988 ஜனவரி 26-ல் நாடகம் நியூயார்க்கில் தொடங்கியது. அங்கும் அந்த ஆண்டின் டோனி விருதைப் பெற்றார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் நடித்தார். மொத்தம் 1,300 முறைக்கு மேல் அந்த முகமூடியை அணிந்தார்.

எப்படி முடிந்தது?

இதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம், முகமூடி. ஹாஸ்ய நடிகருக்கு முகமே முதல். புருவத்தைத் தூக்கினால் சிரிப்பு. உதட்டைப் பிதுக்கினால் சிரிப்பு. மாயாவி வேடத்தில் அந்த முகத்தில் பாதி மறைந்துபோகிறது. மீதி முகத்துக்கும் ஒப்பனை. ஒப்பனைக்கே சுமார் 2 மணி நேரம் ஆகும். ஜனங்களுக்குப் பழகிய பிராங்கின் முகம் மேடையில் தெரியவே இல்லை. குரலும் கையும்தான் மிச்சம். பலவீனம் என்று பிறர் நினைத்ததை முகமூடி மூடிவிட்டது. பலம் மட்டும் வெளியே நின்றது.

இரண்டாவது காரணம், உடம்பு. சரியான நொடியில் வழுக்கி விழத் தெரிந்தவருக்கு, சரியான நொடியில் அசையாமல் நிற்கவும் தெரியும். 1981-ல் அவர் "பார்னம்" என்ற சர்க்கஸ் முதலாளியின் கதையில் நடித்தார். அதற்காக நியூயார்க் சர்க்கஸ் பள்ளிக்குப் போய்க் கம்பி மேல் நடக்கக் கற்றார். அந்த நாடகத்துக்கும் ஆலிவியர் விருது வாங்கினார். மாயாவி மேடையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் நாடகம் முழுவதும் அவன் இருப்பது போலவே தோன்றும். ஒரு விரலை நீட்டுவதிலும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஹாஸ்யத்தில் கற்றது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அசட்டு பிராங்குக்கும் கோர மாயாவிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு பேரும் உலகத்தோடு ஒட்ட முடியாதவர்கள். இரண்டு பேரும் அன்புக்கு ஏங்குகிறவர்கள். பிராங்கின் ஏக்கத்தை ஜனங்கள் சிரிப்போடு பார்த்தார்கள். மாயாவியின் ஏக்கத்தைக் கண்ணீரோடு பார்த்தார்கள். ஏக்கம் ஒன்றுதான்.

டைரக்டருக்குப் புதிதல்ல

இந்த நாடகத்தின் டைரக்டர் அமெரிக்கரான ஹரால்டு பிரின்ஸ். 1964-ல் நியூயார்க்கில் "பிட்லர் ஆன் தி ரூப்" என்ற நாடகத்தைத் தயாரித்தவரும் அவரே. ரஷ்ய கிராமத்தில் வாழும் ஏழை யூதப் பால்காரரின் கதை அது. ஐந்து பெண்களைப் பெற்றவர். கடைசியில் ஊரை விட்டே துரத்தப்படுகிறார். அந்தத் தகப்பன் வேடத்தில் நடித்தவர் ஜீரோ மாஸ்டல். அவரும் பெரிய ஹாஸ்ய நடிகர்! அவருக்கும் டோனி விருது கிடைத்தது.

ஆகவே, ஹாஸ்ய நடிகரிடம் சோகத்தை ஒப்படைப்பது பிரின்சுக்குப் புதிய அனுபவம் அல்ல. 22 ஆண்டுகளுக்கு முன்பே தம் நாடகத்தில் கண்டதுதான்.

ஆனால் சினிமா வேறு கணக்குப் போட்டது. "பிட்லர்" 1971-ல் படமாக வந்தது. கதாநாயகர் மாஸ்டல் அல்ல. டோப்போல் என்ற நடிகர். "பாண்டம்" 2004-ல் படமாக வந்தது. மாயாவியாக நடித்தவர் ஜெரார்ட் பட்லர். கிராபோர்டுக்கு அப்போது 62 வயது. மேடையில் உருவாக்கியவர் ஒருவர். திரையில் தோன்றியவர் வேறொருவர்.

தோல்வியும் உண்டு

ஒருமுறை வென்றால் எப்போதும் வெற்றிதான் என்று சொல்ல முடியாது. 2002-ல் கிராபோர்டு நியூயார்க்கில் "டான்ஸ் ஆப் தி வாம்பயர்ஸ்" என்ற நாடகத்தில் ரத்தம் குடிக்கும் பிரபுவாக நடித்தார். மாயாவி நடிகர் மீண்டும் பயங்கர வேடத்தில் வருகிறார் என்று பெரிய எதிர்பார்ப்பு. 56 காட்சிகளோடு நாடகம் நின்றது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. "ஆச்சரியம்" மட்டும் நாடகத்தைக் காப்பாற்றாது. புகழ் பெற்ற முகத்தைக் காட்டி முதல் வாரம் டிக்கெட் விற்கலாம். பிறகு கதை வேண்டும்; பாட்டு வேண்டும்; வேடத்துக்கும் நடிகருக்கும் பொருத்தம் வேண்டும். "பாண்டம்" நாடகத்தில் எல்லாம் கூடி வந்தன. அதனால்தான் கிராபோர்டு விலகிய பிறகும் அது நிற்கவில்லை. நியூயார்க்கில் 35 ஆண்டுகள் நடந்து, 13,981 காட்சிகளுக்குப் பிறகு, 2023 ஏப்ரல் 16-ல்தான் திரை விழுந்தது. அந்த நகரின் பிராட்வே மேடையில் அவ்வளவு காலம் ஓடிய நாடகம் வேறு இல்லை.

மாறியது யார்?

கிராபோர்டு ஒரே நாளில் பாடகர் ஆகவில்லை. சிறுவனாகவே பாடினார். 1974-ல் "பில்லி" என்ற சங்கீத நாடகத்தில் நடித்தார். "பார்னம்" நாடகத்தில் பாடினார். லண்டனில் விடாமல் நாடகம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். வீட்டில் டெலிவிஷன் பார்த்தவர்களுக்கு மட்டும் அவர் தொப்பி போட்ட பிராங்காகவே நின்றார்.

ஆக, 1986-ல் மாறியது நடிகர் அல்ல. பார்த்தவர்களின் கண் மாறியது.

கலைஞர்களுக்கு இப்படி முத்திரை குத்துவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கலைஞர்களுக்கு மட்டுமா? வீட்டிலும் நடக்கிறது. "இவன் விளையாட்டுப் பிள்ளை", "இவளுக்குப் பேச மட்டுந்தான் தெரியும்" என்று சிறு வயதிலேயே பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் வேறு திறமை கண்ணில் படுவதில்லை.

கிராபோர்டின் குரல் ஒரு பாட்டு வகுப்பில், தற்செயலாக ஒருவர் காதில் விழுந்தது. விழாமல் போயிருந்தால்? உலகம் அவரைக் கடைசிவரை அசட்டு பிராங்காகவே நினைத்திருக்கும். இப்படி யார் காதிலும் விழாமல் போன குரல்கள் எத்தனையோ!

ஒரு ஹாஸ்ய நடிகர் கனமான வேடத்தில் வருகிறார் என்று கேட்டால் சிரிக்க வேண்டாம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாம். சரியாக இல்லை என்றால், சிரிப்பதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.