எக்ஸ்ரே மௌனம் காக்கும் மாதங்கள்

ஹைதராபாத் அமீர்பேட்டில் முதுகு வலிக்குக் காரணம் சொல்ல டாக்டர் தேவையில்லை. மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர் பயிற்சி மையங்களில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு, நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஹாஸ்டல் அறையில் போய்ப் படுக்கும் இளைஞர்களுக்கு முதுகு வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். மருந்துக் கடையில் வலி மாத்திரை, ஒரு தைலம். அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்து லேபில் ஒரு எக்ஸ்ரே. ‘எலும்பில் கோளாறில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் விஷயம் முடிந்தது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. எப்போதாவது ஒருவருக்கு மட்டும் அது உண்மையல்ல.

முதுகெலும்பில் டி.பி. வரும் என்பதே பலருக்குப் புதிய செய்தி. இருமலும் சளியும் இல்லாமல் காசநோயா என்று கேட்பார்கள். நுரையீரல் வழியாக நுழையும் கிருமி ரத்தத்தோடு பயணம் செய்து எலும்பிலும் தங்கும். எலும்புகளில் அது அதிகம் நாடுவது முதுகெலும்பைத்தான். கூன் விழுவதையும் கால்கள் செயலிழப்பதையும் இணைத்து 1779இல் எழுதிய லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட்டின் பெயரால் இதை இன்றும் ‘பாட்ஸ் நோய்’ என்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே முதுகில் இந்த நோய் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

முதுகு எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் எதுவும் சொல்வதில்லை. எக்ஸ்ரே படம் என்பது எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் நிழல். அதில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே நிழலில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் மாதத்தில் எடுத்த ‘நல்ல’ படம் நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல.

பேச ஆரம்பித்துவிட்டால் எக்ஸ்ரே தெளிவாகவே பேசும். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் ஓரம் மங்கும். இடையிலுள்ள டிஸ்க் இருக்குமிடம் குறுகும். புற்றுநோய் பரவிய முதுகெலும்பில் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் இது முக்கியமான தடயம். பிறகு எலும்பின் முன்பக்கம் நொறுங்கி ஆப்பு வடிவமாகும். முதுகெலும்பின் இரு பக்கமும் கதிர் போல உப்பிய நிழல் விழுந்தால் அது சீழ். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்கள் இல்லாமல் இதையெல்லாம் பார்க்க முடியாது. சில லேப்களில் ஒரே படத்தோடு அனுப்பிவிடுவது சிக்கனமல்ல, வீண் செலவு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எலும்பு மஜ்ஜையின் வீக்கத்தையே காட்டிவிடுவதால் நோயை வெகு முன்னதாகப் பிடிக்கும். தண்டுவடம் நசுங்குகிறதா என்பதும் தெரியும். ஆனால் அதுவும் படம்தான். ஊசி மூலம் திசுவை எடுத்து, கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சோதிப்பதே உறுதியான வழி. படத்தை மட்டும் நம்பி மாத்திரையை ஆரம்பித்தால், மருந்துக்கு மசியாத கிருமி என்று தெரிவதற்குள் பல மாதங்கள் போய்விடும்.

அப்படியானால் எக்ஸ்ரேயை ஓரம் கட்டிவிடலாமா? கூடாது என்பதற்கான சான்று தமிழ்நாட்டில் கிடைத்தது. கால்கள் செயலிழக்காத முதுகெலும்பு டி.பி. நோயாளிகளிடம் சென்னையில் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 1999இல் வெளியாயின. ஆபரேஷனோடு ஆறு மாத மருந்து பெற்றவர்களில் 90 சதவீதம் பேர் நலமாக இருந்தார்கள். நடமாடிக்கொண்டே ஆறு மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் இது 94 சதவீதம். ஒன்பது மாதம் சாப்பிட்டவர்களில் 99. கத்தியை விட மாத்திரை சளைத்ததல்ல! ஒரே ஒரு விதிவிலக்கு. பதினைந்து வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 டிகிரிக்கு மேல் முதுகு வளைந்திருந்த பிள்ளைகளுக்கு, ஆறு மாத மருந்துக்குப் பிறகு கூன் கணிசமாக அதிகரித்தது.

கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன், மருந்தால் சிகிச்சை பெற்ற 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதியது இதற்கு விடை. நோய் குணமான பிறகும், வளர வளரச் சில பிள்ளைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போகிறது. யாருக்கு என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன: பின்பக்க மூட்டு விலகுவது, நோயுற்ற எலும்பு பின்னால் தள்ளப்படுவது, எலும்பு பக்கவாட்டில் நகர்வது, மேலுள்ள எலும்பு முன்னால் கவிழ்வது. இவற்றில் இரண்டுக்கு மேல் தெரிந்தால் கூன் முற்றும் முன்பே ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். வருடா வருடம் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

எந்த முதுகு வலியைச் சந்தேகிப்பது? ஓய்வெடுத்தும் மூன்று நான்கு வாரமாகத் தணியாத வலி. தூக்கத்தைக் கலைக்கும் வலி. ஒரே இடத்தில் தட்டினால் சுரீரென்பது. மாலைக் காய்ச்சல், எடை குறைவது. கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனான பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவக் கழகம். எதிர்த் திசையில் மூன்றாவது ஸ்டேஷன் எர்ரகட்டாவில் அரசு நெஞ்சு நோய் மருத்துவமனை.

அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள். எலும்பு டி.பி.க்கு இந்திய வழிகாட்டுதல் சொல்லும் காலம் ஓராண்டு. தேவைப்பட்டால் பதினெட்டு மாதம் வரை நீளும். அமீர்பேட்டின் கோர்ஸ்களோ சில மாதங்களில் முடிந்துவிடும். வலியும் அதற்குள் போயிருக்கும். வேலை கிடைத்து பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்புகிறவர், டி.பி. மையத்தில் சொல்லி ‘நிக்ஷய்’ பதிவைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்ரே படங்களையும் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. புதிய டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.