வாயிலில் நிற்கும் வாழை



மணவீட்டு வாயிலில் குலையோடு கூடிய வாழைமரங்கள் இரண்டு கட்டப்பெற்றிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ‘அஃது எதற்காக?’ என்று ஒருநாள் வகுப்பில் வினவினேன். ‘அழகுக்காக, ஐயா’ என்றான் ஒரு மாணவன். ஏனையோர் வாய்திறக்கவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று, சொல்லித்தராத நம்முடையதே.

வாழை ஒரு முறையே குலை ஈனும். ஈன்ற மரம் மடியுமுன்பே அதன் அடியில் கன்றுகள் தோன்றிவிடுகின்றன. அவ்வாறே மணமக்களின் குலமும் வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும் என்னும் வாழ்த்தை அம்மரம் வாய்பேசாமல் உரைக்கிறது. அறுகம்புல்லும் அத்தகையதே. தரையில் படரும் அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். மிதிபட்டாலும் மீண்டும் தளிர்க்கும். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் அது மதிப்புமிக்க அழைப்பு. தட்டு மாற்றிக்கொண்டால் திருமண உறுதி. நம்மோடு வாழும் மலாய் மக்களும் தம் திருமணச் சடங்குகளில் வெற்றிலைக்குச் சிறப்பிடம் தருகின்றனர். பொன் வாங்க இயலாத ஏழையோ மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துத் தாலியாகக் கட்டினான். அந்த மணமும் குறைவுடையதாகக் கருதப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் அறிவியல் காரணங்களைப் புனைந்து கூறுவோர் உளர். அது வேண்டுவதில்லை. நல்வாழ்த்து என்பதே போதிய காரணமாகும்.

பொருளை வழங்குவோர் மனிதரே. நம் வீட்டு வேலியில் பூக்கும் செம்பரத்தையைப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டில் அது ‘புங்கா ராயா’ என்னும் பெயரோடு தேசிய மலராயிற்று. ருக்குன் நெகாரா 1970-ஆம் ஆண்டில் பிரகடனம் செய்யப்பெற்றது. அதன் ஐந்து கோட்பாடுகளையும் மலரின் ஐந்து இதழ்கள் குறிப்பதாக இன்று பள்ளியில் பயில்கிறோம். மலர் முன்னரே இருந்தது. பொருள் பின்னர் வந்தது. சொல்லிக்கொடுப்பார் இருப்பதால் அப்பொருள் வாழ்கிறது. சொல்வார் இலராயின் அதுவும் வெறும் வேலிப்பூவே.

இக்காலத்தில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணங்கள் கடைதோறும் தொங்குகின்றன. ‘வாடாது, அடுத்த ஆண்டுக்கும் உதவும்’ என்கின்றனர் பெற்றோர். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட, லயத்தை விட்டு அடுக்குமாடியில் குடியேறியோர் மாமரத்துக்கு எங்கே போவர்? அவர்தம் இக்கட்டினை நான் அறிவேன். ஆயினும் ஒன்று கூறுவேன். பச்சையிலை வாடுவதால்தான் விழாதோறும் புதிதாகப் பறிக்கச் செல்கிறோம். பிள்ளையும் உடன் வருகிறது; ‘இஃது எதற்கப்பா?’ என்று கேட்கிறது. வாடாத தோரணமோ அந்தக் கேள்வியையே எழவொட்டாமல் செய்துவிடுகிறது. அதுவே என் கவலை.

ஆகவே, பெற்றோர்களே, அடுக்குமாடியில் வாழ்ந்தாலும் தொட்டியில் ஒரு வெற்றிலைக் கொடியேனும் வளர்ப்பீராக. பள்ளி வளாகத்தில் வாழையும் மாவும் நட நாம் ஒன்றுகூடி உழைப்போம். மாணவர்களே, அடுத்த விழாவின்போது பாட்டியிடமோ தாத்தாவிடமோ ‘இஃது எதற்கு?’ என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டறிந்ததைத் தம்பி தங்கையருக்கும் சொல்லுங்கள்.

கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெரியவரும் உள்ள வீட்டில் நம் மரபு வாழையடி வாழையாக வாழும்.